‘விட்டுட்டுப் போனாரு’

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் நடந்தது இது. நான் ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. யாரையும் சட்டென்று நம்பமாட்டேன். பிள்ளையைக் கூட்டிப்போகப் புதுமுகம் யாராவது வந்தால், கதவைத் திறக்காமல் கிரில் வழியாகவே விசாரணை நடத்துவேன். என் வீட்டுக்காரர் என்னை ‘சிஐடி’ என்றுதான் கூப்பிடுவார்.

அந்தப் பிள்ளைகளில் நான்கு வயதுப் பெண் ஒருத்தி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் பிரிந்து, விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. பிள்ளை அப்போது அப்பாவிடம் இருந்தாள். அவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அம்மா சிம்பாங் அம்பாட்டில் தன் பெற்றோர் வீட்டில் இருந்தார். அப்பா பிள்ளையைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போகிறவர், பிள்ளையைத் தன்னிடம் கொடுக்க வேண்டும், இனி அப்பா அவளைப் பார்ப்பதாக இருந்தால் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தார். அதற்கு ஆதாரமாகச் சொன்னது, அவள் என் வீட்டில் தங்கிய ஒரே ஒரு ராத்திரியை. அப்படித்தான் நான் சாட்சி ஆனேன்.

சாட்சி ஆனதும் எனக்கு மரியாதை கூடிவிட்டது. அதுவரை பையை நீட்டிவிட்டு ஓடிக்கொண்டிருந்த அப்பா, “சாப்டிங்களாக்கா?” என்று நின்று விசாரிக்க ஆரம்பித்தார். அம்மாவின் அக்கா ஒருநாள் பலகாரத்தோடு வந்தார்.

“நீங்க கண்டத சொன்னா போதும் லா. அவன் எப்படிப்பட்டவன்னு உங்களுக்குத் தெரியாதா?”

பலகாரத்தை வாங்கி மேசையில் வைத்தேன், பிள்ளைகளுக்குக்கூடக் கொடுக்கவில்லை. அதைத் தின்ற வாயோடு போய்ச் சாட்சி சொல்வதாவது.

அப்பாவையும் நான் நம்பிவிடவில்லை. பிள்ளை என் வீட்டில் தங்கிய அன்றைக்கு, ராத்திரி ஷிஃப்ட் என்று சொன்னார். உண்மையிலேயே ஷிஃப்டுதானா, வேறு எங்காவது போனாரா, எனக்கு எப்படித் தெரியும்? என் வாசலில் நடந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

நீதிமன்றத்தில் எந்த மொழியில் பேசப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் மலாய்ப் பள்ளியில் படித்தவள், மலாய் சரளமாக வரும். ஆனாலும் தமிழ் என்றேன். வக்கீல்கள் வாயைப் பிடுங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கேள்வி மலாயில் வந்து, மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கும் இல்லையா? அந்த மொழிபெயர்ப்பாளர் மேலும் எனக்கு ஒரு கண் இருந்தது. என்னை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் அவர் வராந்தாவில் அம்மாவின் வக்கீலோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அம்மாவின் வக்கீல் எழுந்து, பிள்ளை தங்கிய அன்றைக்குச் சாயங்காலம் அப்பா வந்து என்ன செய்தார் என்று கேட்டார். தினமும் வாயில் வருகிற வார்த்தைதானே என்று நானும் சொன்னேன்:

“பிள்ளைய என்கிட்ட விட்டுட்டுப் போனாரு.”

மொழிபெயர்ப்பாளர் மலாயில் சொன்னபோது அது ‘திங்கால்கான்’ ஆகிவிட்டது. பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார், கிட்டத்தட்டக் கைகழுவிவிட்டார் என்கிற மாதிரி. வக்கீல் அந்த வார்த்தையை ஒருமுறை நிதானமாகத் திருப்பிச் சொன்னார். பிறகு, வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

எதிரே அந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்ன ஒரு வார்த்தையால் அந்த மனிதர் தன் பிள்ளையை அடுத்தவர் காவலில் உட்கார்ந்து பார்க்கவேண்டி வருமே என்று பயந்துபோனேன். கேட்காமல் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் வாய் கேட்கவில்லை. “யாங் ஆரிஃப், திங்கால்கான் இல்லை, ஹந்தார்” என்று நீதிபதியைப் பார்த்து மலாயில் சொல்லிவிட்டேன். கொண்டுவந்து ஒப்படைத்தார் என்று அர்த்தம்.

நீதிபதி எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

உங்களுக்கு மலாய் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பிறகு ஏன் இவ்வளவு நேரம் தமிழில் பேசினீர்கள் என்றார். யோசிக்க நேரம் கிடைக்கும் என்றுதான் என்று உள்ளதைச் சொன்னேன். வக்கீல் உடனே எழுந்து, உண்மையைச் சொல்ல எதற்கு யோசனை என்று கேட்டார். “அது வந்து...” என்று இழுத்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஊரையே சந்தேகப்பட்ட நான் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றேன்.

“பயம், யாங் ஆரிஃப்” என்றேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

நீதிபதி மொழிபெயர்ப்பாளரிடம் என்னுடைய தமிழ் வார்த்தை என்னவென்று கேட்டார். அவர் அதை அப்படியே சொல்லி, இரண்டு அர்த்தமும் வரும் என்று ஒப்புக்கொண்டார். அந்த வார்த்தை இல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள் என்றார் நீதிபதி என்னிடம். நான் மலாயிலேயே சொன்னேன். மாற்று உடுப்பு, பால் டின், அவள் கட்டிப்பிடித்துத் தூங்குகிற தலையணை எல்லாம் கொண்டுவந்தார். ராத்திரி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார், நான் சரி என்றேன். தூங்கிவிட்டாளா என்று போன் பண்ணினார். மறுநாள் காலை வந்து கூட்டிப்போனார். ஷிஃப்டுக்குத்தான் போனாரா என்பது எனக்குத் தெரியாது என்றும் சேர்த்துச் சொன்னேன். நீதிபதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வந்தார். “மொதல்லயே மலாய்ல பேசியிருக்கலாமேக்கா. எங்க வீட்லயும் பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வந்தேன்னுதான் சொல்வோம்” என்றார். உள்ளே ‘திங்கால்கான்’ என்று வாய் தவறித்தான் சொன்னாரா, வேண்டுமென்றேதான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு முழுசாகத் தீர்மானமாகவில்லை.

பிள்ளை இப்போது அம்மாவிடம் வளர்கிறாள். சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையும் அப்பாவோடு, பக்கத்தில் காவலுக்கு யாரும் இல்லாமல். என் சாட்சியால்தான் அப்படி ஆனதா என்று எனக்குத் தெரியாது. சந்தேகப்படுவதை நான் நிறுத்தவில்லை, இந்த வேலையில் அது இல்லாமல் முடியாது. ஆனால் பதில் சொல்லத் தடுமாறுகிறவரைப் பார்த்ததும் பொய்தான் என்று முடிவு கட்டுவதை மட்டும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்லப் போன எனக்கே அன்றைக்கு வார்த்தை வரவில்லையே.