ஒலிபெருக்கியில் நான் சொன்னது

எங்கள் தெருவில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தவர் பட்டாளத்துக்காரர். எழுபத்தொன்றில் நடந்த சண்டையில் பக்கத்தில் குண்டு வெடித்து, செவி போய் ஊர் திரும்பியவர். சத்தம் கேட்கும், சொல் பிரியாது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். மலையில் சின்னத் தோட்டக்காரர்களிடம் காய் வாங்கி விற்றார். சிலமலை, பொட்டிபுரம் பக்கம் பட்டாளத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள் பென்சனுக்காக அவரிடம்தான் வருவார்கள். மனு எழுதிக் கொடுத்து, கூடவே பஸ் ஏறியும் போவார். போடிமெட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்தபோது என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவரும் அவர்தான்.

எண்பதுகளின் நடுவில் நகராட்சித் தேர்தல் வந்தது. அவர் எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்றார். அவரை எதிர்த்தவருக்கு நான் மைக் பிடித்தேன். நல்ல குரல் என்று நாலு பேர் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சாயங்காலம் எங்கள் பிரசார ஜீப் அவர் கடை முன்னால் மெதுவாகப் போனது. கூட இருந்தவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும்போல இருந்தது.

"செவிட்டுக் காதுக்கு ஓட்டுப் போட்டுட்டு, ஒங்க கொறைய யார்கிட்டச் சொல்லப் போறீக?"

தெருவே சிரித்தது. மைக் என் வாயை மறைத்திருந்தது. எல்லோரும் சிரிப்பதைக் கண்டு அவரும் சிரித்தார். எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். பக்கத்தில் ஏலக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்த பிறகும் நான் இன்னொரு தரம் சொன்னேன்.

அவர் தோற்றார். ஒரு வாரம் கழித்து என்னைக் கடைக்குள் கூப்பிட்டார்.

"தம்பி, அன்னைக்கு இங்க என்ன பேசுன? எல்லாரும் சிரிச்சாகளே. இவகிட்டக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறா."

அவர் முகத்துக்கு நேராக நின்று, உதடு தெளிவாகத் தெரியும்படி சொன்னேன்: "ஒங்க பட்டாளத்துப் பெருமையத்தாண்ணே சொன்னேன்."

"என்னைய எதுத்து நின்ன ஆளோட ஜீப்புல நின்னுக்கிட்டா? பெரிய மனசுடா அப்பு ஒனக்கு."

தோளில் தட்டி, காபி வரவழைத்தார். அவர் மனைவி பார்த்துக்கொண்டிருக்க, நான் அதைக் குடித்தேன்.

அவர் இறந்த மறு மாதம் அந்த அம்மாவிடம் போனேன். "மதினி, அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லிட்டா ஒனக்குப் பாரம் எறங்கிரும். எனக்கு?" என்றார். "சோலி கெடக்கு, போ."


சாக்கை இழுத்துப்போட்டுக் காய் பொறுக்க உட்கார்ந்துவிட்டார். நான் படியிறங்கி வந்தேன்.