மூட்டை கட்டும் அறை

"எனக்குன்னு ஒரு ரூம் வேணும். கதவு வச்ச ரூம்."

எங்கள் வீட்டில் கேட்கவே கூடாத ஒன்று அது. "சோத்துல பங்கு கேளு, துணியில பங்கு கேளு, ரூம் மட்டும் கேக்காத" என்று அம்மா சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தாள். கேட்டுவிட்டேன். அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"அந்தக் கடைசி ரூம் சும்மாதானே கெடக்கு. எடுத்துக்க."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இனி எழுதப் போவதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் ஆஸ்பத்திரி பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் என் பிழைப்பு. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

அப்பா பாலங்களுக்கு வெல்டிங் செய்பவர். பாலம் எங்கே எழும்புகிறதோ அங்கே எங்கள் வீடு. பாலம் முடிந்தால், குட்டியைக் கவ்விய பூனை மாதிரி அடுத்த ஊர். எங்கள் பரம்பரையிலேயே முதல் பட்டம் நான் வாங்கியது. அதைக்கூடச் சுவரில் மாட்டியதில்லை. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது.

எனக்கு இரவு ஷிஃப்ட். பகலில் தூங்கியாக வேண்டும். ஹாலில் தம்பியின் டிவி, அம்மாவின் மிக்ஸி. அரைத் தூக்கத்தில் போய் ஒருநாள் இரண்டு பேரின் ரத்த சாம்பிள் குழாய்களை மாற்றி வைத்துவிட்டேன். சீனியர் பார்த்ததால் தப்பித்தேன். இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும். அதனால்தான் கேட்டேன்.

லீவு நாளில் அறையை அலங்கரித்தேன். அம்மாவின் பழைய பச்சைப் புடவை ஜன்னல் திரையானது. காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கித் துணி போர்த்தியதில் ஒரு மேசை கிடைத்தது. சுவரில் இருந்த ஈரக்கறையை மறைக்கப் பூப்போட்ட துணியை இழுத்து டேப்பால் ஒட்டினேன். அதைச் சுற்றி ஒரு விளக்குச் சரம். மெத்தை தரையில். எல்லாமே ஐந்து நிமிடத்தில் கழற்றக் கூடியவை. அடிக்கடி வீடு மாறுகிறவர்களின் அலங்காரத்துக்கு அதுதான் இலக்கணம்.

தம்பி எட்டிப் பார்த்தான். "துணிக்கடை ஷோகேஸ் மாதிரி இருக்குக்கா. பொம்மைக்குப் பதிலா நீயே நின்னுடு."

"வாயை மூடிட்டுப் போடா."

உண்மையில் எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் நாள். மதியம் விழித்தபோது விளக்குச் சரம் சுவரில் இல்லை. அட்டைப் பெட்டி மேல், சிக்கில்லாமல் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது.

"அம்மா, லைட்டை ஏன் கழட்டின?"

"நான் அந்தப் பக்கமே வரலையே." அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் முகத்தில் வெயில் சுட்டு எழுந்தேன். திரைப் புடவை நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேசைத் துணியும் அதன் மேல் மடிப்பாக. கதவைப் பார்த்தேன். நான் போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது...

மூன்றாம் நாள், ஜன்னல் கட்டையில் வரிசையாகச் சின்னச் சின்ன உருண்டைகள். டேப். சுவர் உரியாமல் பிரித்து, எங்கும் ஒட்டாதபடி உருட்டி வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். வீடு மாறி மாறிப் பழகிய கைக்குத்தான் அது வரும்.

யாரோ என் அறையை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். "பயமா இருந்தா ஹாலுக்கே வந்துடும்மா. ரூமைப் பூட்டிடலாம்" என்றார்.

பூட்டுவதா? இருபத்து நான்கு வருடம் கழித்துக் கிடைத்த கதவு அது. எல்லாவற்றையும் மறுபடி ஒட்டினேன். டேப்பை இரட்டையாக ஒட்டினேன்.

அடுத்த நாள். காலை எட்டரைக்குப் படுத்தேன். அடித்துப் போட்ட மாதிரி தூக்கம்.

சர்ர்ர்ர்...

டேப் உரியும் சத்தம். என் தலைக்கு மேலேயே. விழித்துவிட்டேன். ஆனால் இமை திறக்கவில்லை.

சர்ர்ர்ர்... துணி என் தோளில் வந்து விழுந்தது. யாரோ அதை மெல்ல எடுத்தார்கள். மடிக்கும் சத்தம்.

பிறகு மூச்சுச் சத்தம். ஓடி வந்த சின்னப் பிள்ளைக்கு இரைக்குமே, அந்த மாதிரி.

மெத்தையின் இடது ஓரம் தூக்கியது.

நான் உருண்டேன்.

மெத்தை என் மேல் மடிந்தது. ஒரு சுற்று... இன்னொரு சுற்று...

இருட்டு. வாயெல்லாம் துணி. கை அசையவில்லை.

காலில் கயிறு இறுகியது. அப்புறம் நெஞ்சில்.

முடிச்சு.

தட்... தட்...

கட்டி முடித்த மூட்டையை ஒரு கை தட்டிப் பார்த்தது.

எவ்வளவு நேரம் உதைத்தேன் என்று தெரியாது. தம்பி கதவை உடைத்து வந்து கயிற்றை அறுத்தான். அம்மா என்னை வெளியே இழுத்தாள். "ஐயோ, அந்தப் புள்ள மாதிரியே..." என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

எந்தப் பிள்ளை? எத்தனை முறை கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

கீழ்வீட்டில் தையல்கார அக்கா இருக்கிறாள். நேராக அவளிடம் போனேன். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"உன்கிட்ட சொல்லலையா? உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும் ஊர் ஊரா வீடு மாறுறவங்கதான். விடியறதுக்குள்ள காலி பண்ணாங்க. கரண்ட் வேற இல்ல. அவசர அவசரமா அந்த ரூம்ல மெத்தையைச் சுருட்டிக் கட்டி லாரியில ஏத்திட்டாங்க. கடைசிப் பொண்ணு முன்னாடி சீட்டுல அப்பா மடியில இருக்குன்னு அம்மா நெனச்சுது. அம்மாகூட பின்னாடி இருக்குன்னு அப்பா நெனச்சாரு. தூங்கிட்டிருந்த புள்ள மெத்தைக்குள்ளயே... புது வீட்ல போய்ப் பிரிச்சாங்க பாரு..."

அவள் மறுபடி துணியைக் கையில் எடுத்தாள்.

"அந்தம்மா இப்ப?"

"உயிரோடதான் இருக்கு. அதுக்கப்புறம் ஒரு பையைக்கூட அது கையால கட்டுறது இல்லையாம்." நூலைக் கடித்துத் துப்பினாள். "வீட்டு ஓனர் உங்கப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னாரே. நானும் பக்கத்துல இருந்தேன்."

மாடி ஏறவில்லை. முதலில் ஆஸ்பத்திரி பக்கத்து லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போனேன். ஒரு படுக்கை பேசி முடித்தேன். அதன் பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். துணிகளைப் பையில் திணித்தேன். மூவரும் ஹாலில் இருந்தார்கள்.

"அப்பா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியும்."

"அப்புறம் ஏன் எனக்குக் குடுத்தீங்க?"

"நீ படிச்ச புள்ள. இதெல்லாம் உன்னை ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்."

"தம்பி கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

அம்மாதான் சொன்னாள். "அவன் சின்னப் பையன்டி."

சின்னப் பையனுக்கு மீசை முளைத்து இரண்டு வருடமாகிறது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது அந்த அறையிலிருந்து கேட்டது.

சர்ர்ர்ர்...

மூவரும் என்னைப் பார்த்தார்கள். போய் என்னவென்று பார் என்பது போல.

நான் பையைத் தூக்கி, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.