வேலியோர வரிசை

பூதக்கண்ணாடிக்காரர் என்றால்தான் ஊரில் அவரைத் தெரியும். பேரிக்காய்த் தோப்பு வைத்திருப்பவர் சட்டைப்பையில் பூதக்கண்ணாடி வைத்திருப்பது தப்பில்லை. இலைக்கு அடியில் இருக்கும் பூச்சிமுட்டை வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இவரோ மனிதர்களையும் அதே கண்ணால்தான் பார்ப்பார். கூலியாள் இருமினால் யாருக்கோ சைகை காட்டுகிறான் என்பார். மனைவி போனில் குரலைத் தாழ்த்தினால் போச்சு, அன்றைக்கு இவருக்குச் சாப்பாடு இறங்காது.

போன வருஷம் அவர் காய்களெல்லாம் கரி பூசியது போலாகிவிட்டன. சாறு உறிஞ்சும் பூச்சி இலையெல்லாம் பிசுபிசுவென்று இனிப்பு நீரைக் கழித்துவைக்க, அதன்மேல் கரும்பூஞ்சை படர்ந்தது. வியாபாரி ஒரே ஒரு கூடையைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். இந்த வருஷமும் அப்படியானால் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் முடங்க வேண்டியதுதான். அதனால் மருந்துக்கு மேல் மருந்தாக அடித்தார். பூச்சி குறைவதாக இல்லை, கூடிக்கொண்டே போனது.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மைத்துனனின் தோப்பு. அவன் பேருக்குத்தான் மருந்தடிப்பான். இலைகளோ கழுவிவிட்டது போல் இருந்தன.

"உன் தம்பி என் தோப்பு மேல கண்ணு வச்சிருக்கான். குத்தகைக்கு அவன்தான் வந்து நிப்பான், பாரு" என்று மனைவியைக் குடைந்தார்.

"என் தம்பியைத் திட்டலேன்னா உங்களுக்குத் தூக்கம் வராதே" என்றாள் அவள்.

ஒரு காலையில் கையும் களவுமாகப் பார்த்துவிட்டார். மைத்துனன் தன் மரக்கிளைகளைக் குச்சியால் தட்டி, கீழே விரித்த வெள்ளைத் துணியில் எதையோ விழவைத்தான். துணியைச் சுருட்டிக்கொண்டு வேலிக்குள் நுழைந்து வந்து, இவருடைய வேலியோர வரிசை முழுக்க உதறினான். உதிர்ந்ததெல்லாம் குடுகுடுவென்று ஓடும் பூச்சிகள்!

அவருக்கு ரத்தம் கொதித்தது. அவன் போனதும் மருந்து தெளிக்கும் வண்டியை ஓட்டிவந்து, அந்த வரிசையைச் சொட்டச் சொட்ட நனைத்தார். அப்புறம்தான் வேலியருகே நின்று கத்தினார்.

"டேய், என் மரத்துல பூச்சியைக் கொண்டாந்து விடுறியா? கூடப் பிறந்தவ வாழுற வீடுடா இது!"

மைத்துனன் ஓடிவந்தான். சத்தம் கேட்டு மனைவியும் வந்தாள்.

"மாமா, அது கெட்ட பூச்சியோட முட்டையைத் தின்னுற பூச்சி. நீங்க அடிக்கிற அடியில உங்க தோப்புல அது ஒண்ணுகூட மிச்சமில்ல. அதான் என் மரத்துலேருந்து தட்டிக் கொண்டாந்தேன்."

"அதை ஏன்டா திருட்டுத்தனமா செய்யணும்?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் நனைந்த இலையைத் திருப்பிப் பார்த்தார். வந்து சேர்ந்தவை கால் மடங்கிச் செத்துக் கிடந்தன. எத்தனையோ மருந்தைப் பார்த்துப் பழகிய பழைய பூச்சி, தன் இனிப்பு நீருக்குள் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

"இன்னும் இருக்காடா உன்கிட்ட?"

"இருக்கு. விஷத்தோட வேகம் அடங்கட்டும், மறுபடி விடலாம்." மைத்துனன் தயங்கினான். "ஆனா அதுக்குள்ள நீங்க திரும்ப அடிச்சிட மாட்டீங்கன்னு நான் எப்படி நம்புறது மாமா?"

அவர் மனைவியைப் பார்த்தார், தனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று. அவள் மருந்து வண்டியின் சாவியை உருவித் தம்பி கையில் கொடுத்தாள்.