சந்தனமேரிக்கு வந்த வெளிச்சக் கீபோர்டு

வக்கீல் ஏகப்பன் ஆபீசில் டைப் அடிக்கும் சந்தனமேரிக்குக் கண் மங்கிவிட்டது என்று 1999 ஆடியில் ஒரு பேச்சுக் கிளம்பியது. கிளப்பியவர் ஏகப்பனேதான். வலையபட்டி மருதுவின் நிலத் தகராறு மனு, சர்வே நம்பர் தப்பு என்று கோர்ட்டிலிருந்து திரும்பி வந்தது. 147 என்று இருக்கவேண்டியது 141 என்று இருந்தது. மருது ஆபீசில் வந்து குதித்தபோது, "நான் சரியாத்தான் எழுதிக் குடுத்தேன். டைப்பிஸ்ட்டுக்கு வயசாகுதுல்ல, கண்ணு மங்குது" என்றார் வக்கீல், அவள் காதில் விழும்படியாகவே.

அவளுக்கு முப்பத்தொன்பது வயசு.

அரியக்குடிப் பக்கம் கடலை பயிரிட்டுப் பிழைத்த மரியப்பனின் மகள். அந்த வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பி.ஏ. முடித்த சூட்டோடு தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினாள். பதினாறு வருஷமாக அவள் விரல் படாத கேஸ்கட்டு அந்த ஆபீசில் இல்லை. மெஷினைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தபோதும் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டாள்.

வேலை சரி, இடம்தான் சரியில்லை. ஜன்னலை அடைத்துச் சட்டப் புத்தக பீரோ நின்றது. இருந்த ஒற்றைக் குண்டு பல்பும் அவள் முதுகுக்குப் பின்னால். அவள் நிழலே அவள் காகிதத்தின்மேல் படுத்துக் கிடக்கும். "ஒரு டியூப் லைட்டுப் போடுங்க சார்" என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டியூப் லைட் வரவில்லை. கீபோர்டு வந்தது.

கம்ப்யூட்டர் கடை அருள்பாண்டி கொண்டுவந்து மாட்டினான். "சிங்கப்பூர் சரக்குக்கா. ஒவ்வொரு கீக்கும் அடியில லைட்டு. இந்த விலைக்கு மதுரையிலகூடக் கெடைக்காது" என்று பல்பை அணைத்தான். இருட்டில் ஏ, பி, சி எல்லாம் பச்சைப் பசேலென்று எரிந்தன.

ஏகப்பனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாம்மா? இனிமே எழுத்துத் தெரியலைங்கிற பேச்சே வராது. மூணு நாள் அடிச்சுப் பாரு. ஆபீசுக்கு ஏத்ததுன்னு ஒரு பேப்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. நம்ம வக்கீலுக நாலு பேரு உன் பேப்பரைப் பாத்துத்தான் வாங்கப் போறாக."

அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. எழுத்துத் தெரியவில்லை என்று எவள் சொன்னாள்? ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று நாளும் நேர்மையாகவே அடித்துப் பார்த்தாள். ஸ்பேஸ் பார் வலது ஓரத்தில் சிக்கியது. கீழேயிருந்து வந்த பச்சை, கண்ணைக் கூசவைத்துப் பக்கத்துக் காகிதத்தை இன்னும் கறுப்பாக்கியது. எரிவது இங்கிலீஷ் எழுத்து, அவள் அடிப்பது தமிழ். ஏ எரிகிற இடத்தில் விரல் வைத்தால் திரையில் ய வரும்.

"தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிருவோம்க்கா" என்றான் அருள்பாண்டி.

"ஒட்டுனா லைட்டு எங்குட்டுடா வரும்? உன் மண்டை வழியாவா?"

நாலாம் நாள் காலை ஏகப்பன் அருள்பாண்டியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "பேப்பர் எங்கம்மா?"

"தாரேன் சார். மொதல்ல இங்குட்டு வந்து என் சேர்ல உக்காருங்க."

உட்கார்ந்தார். மருதுவின் மனுவுக்கு அவர் கைப்பட எழுதிய நகலைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பல்பை அணைத்தாள். "படிங்க."

"என்ன வெளையாட்டு இது?"

"மூணு வருஷமா என் நெழலு விழுற இருட்டுல நான் இப்படித்தான் வெளையாடுறேன். சர்வே நம்பர் என்ன சார்?"

காகிதத்தைப் பச்சை வெளிச்சத்துக்குச் சாய்த்தார். மூக்கில் இடிக்கிற அளவுக்குத் தூக்கினார். "நூத்தி நாப்பத்தி... ஒண்ணு."

அருள்பாண்டி களுக்கென்று சிரித்து, இருமுவதுபோல் மாற்றிக்கொண்டான்.

பல்பைப் போட்டு, காகிதத்தை அவர் நிழலுக்கு வெளியே இழுத்துக் காட்டினாள். அது ஏழுதான். மேல்கோடு மயிரிழைபோல் இருந்தது.

அவரை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தாள். சேர் முதுகில் கிடந்த துண்டை எடுத்துக் கீபோர்டின்மேல் விரித்து, கைகளை அதற்குள் விட்டாள். "நீங்க சொல்லுங்க, நான் அடிக்கேன்." கடகடவென்று நாலு வரி சொன்னார். திரையில் ஒரு புள்ளி பிசகவில்லை.

"டைப் அடிக்கிறவ கீயைப் பாக்கமாட்டா சார், காகிதத்தைத்தான் பாப்பா. பதினாறு வருஷமா வேலை வாங்குறீக, இதுகூடத் தெரியலையே! கண்ணு மங்குனது யாருக்கு?"

பிறகு அவர் கேட்ட பேப்பரை நீட்டினாள். 'விலை மலிவு. விளக்கு நன்றாக எரிகிறது. டைப் தெரிந்தவருக்குத் தேவையில்லை, தெரியாதவருக்குத் தமிழில் உதவாது. வாங்க வேண்டாம்.' கீழே சந்தனமேரி, பி.ஏ. என்று அழுத்தமாகக் கையெழுத்து.

"சரி விடும்மா" என்று குழைந்தார் ஏகப்பன். "இன்னைக்கே டியூப் லைட்டுப் போட்ருவோம்."

"லைட்டு கெடக்கட்டும். மருதண்ணன்கிட்ட என் கண்ணைப் பத்திச் சொன்னீகளே, அதுக்கு என்ன செய்யப்போறீக?"

அவளே போன் டயலைச் சுழற்றி, மறுமுனையில் மருதுவின் குரல் கேட்டதும் ரிசீவரை அவர் கையில் திணித்தாள்.

"மருதா... அந்த நம்பர் வெவகாரத்துல எங்க பக்கம் சின்னதா ஒரு..."

"எங்க பக்கம்னா யாரு?" என்றாள் சந்தனமேரி, மருதுவுக்கும் கேட்கிற சத்தத்தில்.

ஏகப்பன் தொண்டையைச் செருமினார். "என் கையெழுத்துத்தான்ப்பா கோளாறு. அந்தம்மா மேல தப்பில்லை."

ரிசீவரை வைத்தார். அவள் கோபம் அப்போதும் இறங்கவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றை உருவி அவர் முன்னால் போட்டாள்.

"புது மனுவை எழுதுங்க சார். ஏழுக்குத் தலை வச்சு எழுதுங்க."