சவரியம்மாளின் பக்கத்துக் கட்டம்

ஒரு காகிதத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இன்னொருவர் பெயரை எழுதினால் உங்கள் உடம்பில் என்ன குறைந்துபோகும்? யோசித்து வையுங்கள். விருத்தாசலத்தில் ஐந்து பெண்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். அதை வாசலில் நின்று கேட்டவள் சவரியம்மாள்.

பீங்கான் பட்டறையில் அவளுக்குக் காது ஒட்டும் வேலை. அச்சிலிருந்து வரும் ஈரமான டீக் கோப்பைக்குக் களிமண் குழம்பைத் தொட்டுப் பிடியை ஒட்டுவாள். விரலால் ஒரே தடவல், காது நின்றுவிடும். ஒரு நாளைக்கு முந்நூறு கோப்பை. அந்தக் கோப்பைகள் ஊரெல்லாம் போயின. சவரியம்மாளுக்கு மட்டும் டீக்கடையில் தகரக் குவளை.

அவள் புருஷன் சின்னப்பன் 1961 ஐப்பசி மழையில் செத்துப்போனான். கோயில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் உண்டு. கிழக்கே மேடு, அது ஊர்க்காரர்களுக்கு. மேற்கே பள்ளம், அது சேரிக்காரர்களுக்கு. வெட்டிய குழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பெட்டி உள்ளே போகாமல் மிதந்தது. நாலு பேர் கழியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மண் தள்ளினார்கள்.

"இந்தச் சுவரு எதுக்குங்க சாமி?" என்று அவள் பங்குச் சாமியாரிடம் கேட்டாள்.

"அது ஊர் வழக்கம்மா. ஆண்டவர் முன்னால எல்லாரும் சமம்தான்."

"அப்பிடின்னா ஆண்டவரோட கல்லறையில சுவரு இருக்காதுங்களா?"

சாமியார் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார். அந்தக் கேள்வி மட்டும் அவளோடு நின்றுவிட்டது.

1966 தவக்காலத்தில் ஒரு செய்தி வந்தது. ஏழை விசுவாசிகள் இருபது பேரை அடுத்த ஈஸ்டருக்கு எருசலேம் அனுப்ப ஒரு வெளிநாட்டுச் சங்கம் செலவை ஏற்றுக்கொண்டது. யார் யார் என்று குலுக்கிப் பார்த்தார்கள். சேரிப் பெயர்களையும் குடத்தில் போட்டார்கள், பின்னால் யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே! விழவா போகிறது என்ற தைரியம்தான். பதினேழாவது சீட்டில் சவரியம்மாள் விழுந்தாள். குடத்துக்கு என்ன தெரியும், பாவம்.

பட்டறையில் பக்கத்து மணையில் உட்காரும் நீலாவதி சும்மா விடவில்லை. "ஏன்டி சவரி, எருசலேமு பஸ்ஸு சேத்தியாத்தோப்புல நிக்குமா? எங்க அத்த வூடு அங்கதான், நானும் ஏறிக்கிறேன்."

"நிக்கும் நிக்கும். ஒனக்குப் பின்னாடி ஏணியில எடம் போட்டு வெக்கிறேன்."

"அங்க போயி என்னாத்தடி வேண்டிக்கப் போற?"

"ஒண்ணும் வேண்டிக்கல. சுவரு இருக்குதா இல்லியான்னு பாத்துட்டு வரணும்."

நீலாவதிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பாஸ்போர்ட்டுக்காக ஜங்ஷன் பக்கத்து ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டாள். ஞானஸ்நானப் புத்தகத்திலிருந்து பிறந்த தேதியை எழுதி வாங்கினாள். காது ஒட்டும்போதுகூட உதட்டில் ஒரு பாட்டு ஓடியது. அவளுடைய நாற்பது வயதில் அப்படி ஒரு எட்டு மாதம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கார்த்திகையில் பயண ஏற்பாட்டாளரிடமிருந்து ஒரு படிவம் வந்தது. தங்கும் விடுதியில் இரண்டு பேருக்கு ஓர் அறை. ஒரு வரியில் இரண்டு கட்டம், கட்டத்துக்கு ஒரு பெயர். ஆண்கள் பதினான்கு பேருக்கு ஏழு வரி நிரம்பிவிட்டது. பெண்கள் ஆறு பேர், மூன்று வரி. இரண்டு வரி நிரம்பியது. மூன்றாவதில் சவரியம்மாளின் பெயர் மட்டும் தனியாக நின்றது. பக்கத்துக் கட்டத்துக்கு மீதி இருந்தவர் ஐந்தாவது பெண் பிலோமினா டீச்சர்.

கூட்டம் சாமியார் பங்களாவில் நடந்தது. எல்லாருக்கும் டீ வந்தது, அவள் காது ஒட்டிய அதே கோப்பைகளில். அவள் வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் கெடையாது சாமி. ஆனா ஊர்ல நாளைக்கு என்னா பேசுவாங்க?" என்றார் டீச்சர்.

"நீங்க வேணா மாறிக்குங்களேன்" என்று சாமியார் மற்ற நால்வரையும் பார்த்தார். ஒருத்திக்கு மூட்டு வலி, ஒருத்திக்குத் தூக்கத்தில் பேசும் பழக்கம். மற்ற இருவரும் தலை குனிந்துகொண்டார்கள்.

சவரியம்மாள் வெளியிலிருந்து சொன்னாள்: "நான் வராந்தாவுல படுத்துக்கிறேன் டீச்சரம்மா. ரூம்புக்குள்ளயே வர மாட்டேன்."

ஜவுளிக்கடை மரியசூசைதான் கோயில் கமிட்டித் தலைவர். "நீ எங்க படுத்தா என்னா? பேரு பக்கத்துல பேரு எழுதணுமே, அதுதானே இங்க சங்கடம்!"

ரத்தம் கலக்கவில்லை, சோறு கலக்கவில்லை. காகிதத்தில் மை கலந்துவிடும் என்று பயந்தார்கள், மெத்தப் படித்த விசுவாசிகள். தனி அறைக்குச் சங்கம் செலவு தராது. உடம்பு சரியில்லை, மனம் ஒப்பி விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு தாள் எழுதி அவள் பெருவிரலைப் பிடித்து ஒற்றினார்கள். விரலில் களிமண் காய்ந்திருந்ததால் ரேகை விழவில்லை. கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். கழுவிவிட்டு வந்தாள். அந்தக் கட்டத்தில் மரியசூசையின் மச்சினி பெயர் ஏறியது.

1967 ஈஸ்டர் முடிந்து இருபது பேரும் மாலையும் மேளமுமாகத் திரும்பினார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் டீச்சர் ஒரு பொட்டலத்தைக் கோயில் படியில் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. "எடுத்துக்க சவரி. ஆண்டவர் நடந்த மண்ணு."

சவரியம்மாள் அதைப் பிரித்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். பொரபொரவென்று உதிர்ந்தது. ஒட்டுகிற மண் இல்லை.

"டீச்சரம்மா, அந்தக் கல்லறையில குறுக்கால சுவரு இருந்துதுங்களா?"

"சுவரா?" டீச்சர் விழித்தார். "கூட்டத்துல சரியா பாக்கலியேம்மா."

இருபது பேரையும் அவள் தனித்தனியாகக் கேட்டாள். சிலர் சிரித்தார்கள். ஒருவரும் பார்த்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

பட்டறைத் தூசி நெஞ்சைக் கட்டி, 1974 ஐப்பசியில் சவரியம்மாள் செத்தாள். மேற்குப் பள்ளத்தில் சின்னப்பனுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். அந்த வருஷமும் தண்ணீர் நின்றது. நீலாவதி கரையில் நின்று அழுதாள். சுவர் முன்பைவிட இரண்டடி உயர்ந்திருந்தது; மேலே கண்ணாடிச் சில்லும் பதித்திருந்தார்கள்.

சொர்க்கம் உண்டா இல்லையா என்பதைப் பிறகு வாதாடிக்கொள்ளலாம். சுவர் உண்டு; அதை மனிதன்தான் கட்டினான். இந்த ஞாயிறு உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். அவளுக்காக ஒரு முறை சரியாகப் பாருங்கள். நடுவில் சுவர் இருந்தால் வீட்டுக்குத் திரும்பி, ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு மறுபடியும் போங்கள்.