முதுகில் ஒரு சேற்றுக் கோடு

போன செவ்வாய்க்கிழமை, என் கணவரைத் திருப்பி நிறுத்தி அவருடைய முதுகைப் பார்த்துவிட்டு, வீட்டுக் கேற்றடியில் நின்று அழுதேன்.

பயப்படாதீர்கள், நல்ல சங்கதிதான். ஆனால் அதற்கு முதலில் ஒரு சைக்கிளின் கதையைச் சொல்ல வேண்டும்.

இவருக்கு முழங்காலில் ஒப்பரேசன் செய்து ஆறு மாதம். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். மலை மாதிரிக் கப்பல்களையெல்லாம் கயிறு கட்டிக் கரைக்குக் கொண்டுவந்த மனிதருக்கு, கதிரையிலிருந்து எழும்பிக் குசினிக்கு வரச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் வீடோ உவர்மலையில்... இறங்கினால் திரும்ப ஏற வேண்டுமே! கீழே தேநீர்க் கடையில் பழைய கூட்டாளிகளோடு கதைப்பதும் நின்றது. அதோடு வீட்டில் கதைப்பதும் குறைந்து போனது. எனக்கு அதுதான் பயம்.

உப்புவெளியில் விடுதி நடத்தும் என் தம்பி ஒருநாள் ஒரு மின் சைக்கிளோடு வந்தான். மலைப்பாதையில் ஓடுகிற சாதி. சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட வாங்கியதாம். "அத்தான், நீங்கள் சும்மா மிதியுங்கோ. மிச்சத்தை மோட்டர் பார்க்கும்" என்றான்.

டொக்டரும் சம்மதித்தார். இவர் இரண்டு காலும் நிலத்தில் ஊன்றுகிற அளவுக்குச் சீற்றை இறக்கிக்கொண்டு ஓடிப் பார்த்தார். ஏற்றத்தில் சைக்கிள் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஏறியது. அன்றிரவு சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொன்னார். ஒப்பரேசனுக்குப் பிறகு வந்த முதல் குறை! எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா?

பிறகு மாரி தொடங்கியது.

இந்தச் சைக்கிளுக்கு மட்கார்ட் இல்லை. மலையில் ஓடுகிறவர்களுக்குச் சேறுதான் அலங்காரமாம். எங்கள் ஒழுங்கையோ தார் போடாத கிறவல் மண் ஒழுங்கை. மொத்தமான பின் ரயர் சிவப்புச் சேற்றை அள்ளி, இடுப்பிலிருந்து கொலர் வரைக்கும் ஒரே கோடாக அடித்துவிட்டது. இவருக்கு அது தெரியாது. முதுகு யாருக்குத்தான் தெரிகிறது?

ஆனால் ஊருக்குத் தெரிந்தது.

"என்னண்ணை, விழுந்திட்டீங்களோ?"

கடையில் கேட்டார்கள். சந்தியில் கேட்டார்கள். ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்து, "பார்த்து, பார்த்து" என்று தேநீர்க் கடைக் கதிரையில் இருத்தியும் விட்டாராம். அன்போடு செய்ததுதான். ஆனால் இவருக்கு அது நெஞ்சில் குத்தியது. மூன்றாம் நாள் சைக்கிளைப் படங்குச் சீலையால் மூடிக் கட்டினார்.

"மழை விடட்டும்" என்றார்.

எங்கள் பக்கத்து மாரி தையில்தான் விடும். அதுவரைக்கும் இந்த மனிதர் திரும்பவும் கதிரையிலா?

என் மூளை வேலை செய்தது. அவர் மத்தியானம் நித்திரையான நேரம் பார்த்து ஒரு ஓட்டோவைப் பிடித்தேன். பாதிச் சைக்கிள் உள்ளே, பாதி வெளியே, நடுவில் நான். இறங்கியது ஜவாத் நானாவின் கடையில். குறிஞ்சாக்கேணிக்காரர், டவுனில் சைக்கிள் திருத்துகிறவர். அவருடைய மகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன்.

நானா இரண்டு விதமான பின் மட்கார்ட் காட்டினார். ஒன்று சீற் தண்டில் கவ்வுகிறது. மெல்லியது, நீளமானது, நல்ல வடிவு. மற்றது பின்சில்லைப் பிடித்திருக்கும் கம்பியில் போல்ட் போட்டுப் பூட்டுகிறது. அகலமாக, மொத்தமாக, ஆமை ஓடு மாதிரி இருந்தது. நான் எதை எடுத்திருப்பேன்? சீலை எடுக்கிற மாதிரித்தான் எடுத்தேன், வடிவானதை!

நானா சைக்கிளைக் கூரைக் கொக்கியில் தொங்கவிட்டார். சீற்றையும் பார்த்தார்.

"சீற் நல்லாப் பதிஞ்சி இரிக்கே ரீச்சர். சேர் வந்து ஒருக்கா ஏறிப் பார்த்தா நல்லம்."

"வேண்டாம் நானா, அவருக்குத் தெரியக்கூடாது. பூட்டுங்கோ."

தொங்குகிற சைக்கிளில் எல்லாம் அச்சொட்டாக இருந்தது. சில்லுக்கும் மட்கார்ட்டுக்கும் இடையில் என் கை புகுந்தது. அவர் கண் விழிக்க முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை, தூறலுக்குள், படங்கை விலக்கிக் காட்டினேன். முகம் மலர்ந்துதான் ஏறினார். ஒழுங்கையின் முதல் பள்ளம்...

டர்ர்ர்ர்!

பின்சில்லுக்கும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள் அது. ஆள் ஏறி இருந்தால் சீற் இறங்கும், பள்ளத்தில் சில்லு எழும்பும். நான் பார்த்த இடைவெளியெல்லாம் ஆளில்லாத இடைவெளி. மட்கார்ட் ரயரில் முட்டி முறுகிச் சில்லுக்குள் சிக்கியது. நல்ல காலம், இரண்டு காலையும் ஊன்றிவிட்டார். சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தார். வருகிற வழியில் இரண்டு பேர் கேட்டும் விட்டார்கள் — "விழுந்திட்டீங்களோ?"

"இதைக் கொண்டுபோய் உம்மட தம்பியிட்டயே குடுத்திடும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரைக் கேட்காமல், அவரை ஏற்றிப் பார்க்காமல், அவருக்கு நல்லது செய்யப் போயிருக்கிறேன். ஓடிவந்து கையைப் பிடித்தவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

பின்னேரம் உள்ளதைச் சொன்னேன். "நான் செய்தது பிழை. நீங்களே ஒருக்கா வந்து பாருங்கோ. சரிவரேல்லையெண்டால் தம்பியிட்டக் குடுப்பம்."

வெளியே போய்ச் சைக்கிளை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். பிறகு சட்டையைப் போட்டார்.

இந்த முறை நானா சைக்கிளைத் தொங்கவிடவில்லை. இவரை ஏற்றி இருத்தினார். "சேர், நல்லா அமத்துங்க!" இவர் அமத்தினார். பின்சில்லு எவ்வளவு எழும்புகிறது என்று நானா வெண்கட்டியால் கோடு போட்டார். நாலு விரல்!

இவர் குனிந்து பார்த்தார். துறைமுகத்துக் கண் திரும்ப வந்தது.

"நானா, கப்பலும் இழுக்கிற போட்டும் ஒண்டா எழும்பி ஒண்டா இறங்கோணும். ஒண்டு ஆட மற்றது விறைச்சுக்கொண்டு நிண்டால் கயிறு அறுந்திடும். சில்லோட சேர்ந்து ஆடுற மட்கார்ட் ஒண்டும் இல்லையோ?"

"இரிக்கி சேர். ரீச்சர்தான் வடிவில்லையெண்டு விட்டவ!"

இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த ஆமை ஓட்டை இவரே பிடிக்க, நானா பூட்டினார். பழைய ரியூபில் வாசர் வெட்டி வைத்ததும், உயரம் பார்த்து இறுக்கியதும் இவர்தான். பிறகு கடை வாசல் பள்ளத்தில் மூன்று தரம் ஏறி இறங்கினார். ஒரு சத்தமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. "போயிட்டு வாறன்" என்று இறங்கினார். ஒரு மணித்தியாலம் நான் கேற்றடியை விட்டு அசையவில்லை. வந்ததும் திருப்பி நிறுத்திப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளையாகவே இருந்தது.

"இண்டைக்கு ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல" என்றார்.

அவ்வளவுதான். என் கண்ணீர் நிற்கவில்லை.

அழுது முடித்து முன்பக்கம் பார்த்தால்... நெஞ்செல்லாம் புள்ளி புள்ளியாகச் சேறு! முன்சில்லு தன் வேலையைக் காட்டியிருந்தது. "ஐயோ, முன்னுக்கும் ஒண்டு போட்டிருக்கலாமே" என்றேன்.

"தேவையில்லை. முன்னால படுறது எனக்குத் தெரியும், நானே துடைப்பன். பின்னால படுறதைப் பார்க்கத்தான் எனக்கு நீர் வேணும்."

முப்பத்தாறு வருடத்தில் இந்த மனிதர் சொன்ன ஒரே காதல் வசனம். அதைக் கேட்க நான் இரண்டு மட்கார்ட் பூட்ட வேண்டியிருந்தது!