எலி கடித்த எம்.ஏ.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டதாரி அங்கி போட்டவன் நான்தான். அப்போது ஐந்தாம் வகுப்பு. தலையில் மயிர்கூட இல்லை.

அக்காவுக்கு இரண்டு இடம் வந்திருந்தது. ஒருவர் ராமநாதபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியார், பி.எஸ்ஸி., பி.டி. மற்றவர் எம்.ஏ. என்றார் தரகர். வாத்தியார் வீட்டிலிருந்து கடிதம் மட்டும் வந்தது. எம்.ஏ. வீட்டிலிருந்து போட்டோவே வந்தது: கறுப்பு அங்கி, தொப்பி, கையில் சுருட்டிய காகிதம், பின்னால் திரையில் பாம்பன் பாலம்.

அய்யாவுக்கு நெல்லில் ரகம் தெரியும், பட்டத்தில் தெரியாது. தரகர் விளக்கினார்.

"எஸ்.எஸ்.எல்.சி. ஊருணிங்க. இண்டர்மீடியட்டு கம்மா. பி.ஏ., பி.எஸ்ஸி. எல்லாம் ஆறு. எம்.ஏ.தான் கடலு."

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது. "கடத்தண்ணிய யாரு குடிக்கிறது?"

அய்யா காதில் விழாத மாதிரி இருந்தார். வாத்தியார்மேல் அவருக்கு வேறு சந்தேகம். முன்னாலும் ஒரு 'பி', பின்னாலும் ஒரு 'பி'. ஒரே வகுப்பில் இரண்டு தரம் உட்கார்ந்த ஆள் போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். பட்டம் வாங்கிய பிறகு வாத்தியார் வேலைக்கென்று தனியாகப் படிப்பதுதான் பி.டி. என்று அக்கா அம்மா வழியாகச் சொல்லியனுப்பினாள். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள் பேச்சு எடுபடுமா? தை பிறந்ததும் எம்.ஏ.வுக்கே தாம்பூலம் மாற்றுவதென்று ஆயிற்று. அக்கா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். அவள் பங்கும் எனக்கே வந்ததால் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இதற்கிடையில் எனக்கு ராமேஸ்வரத்தில் மொட்டை. மாமாவும் அக்காவும் கூட்டிப் போனார்கள். திரும்பும் வழியில் ராமநாதபுரத்தில் மாமா எங்களை ஒரு போட்டோக் கடைக்குள் அழைத்துப் போனார். அங்கே ஆணியில் மூன்று உடுப்பு தொங்கியது: கிருஷ்ணர், போலீஸ், பட்டதாரி. போலீசுக்கு மரத் துப்பாக்கியும் உண்டு. நான் அதைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தேன். அக்காவோ கறுப்பு அங்கியின் ஓரத்தைத் தூக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"ஏலே, இதப் போட்டுக்க. என் பங்கு கருப்பட்டி மிட்டாயும் ஒனக்குத்தான்."

நான் மிட்டாய்க்கு விலைபோகிற ஆள், இன்றைக்கும் அப்படித்தான். அங்கி தரையைக் கூட்டியது. தொப்பி மொட்டையில் நிற்காமல் மூக்குவரை இறங்கியது.

பத்து நாள் கழித்து மாமா போட்டோவைக் கொண்டுவந்தார். அக்கா அதை மாப்பிள்ளை போட்டோவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். அய்யா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கிட்டே போனார். சிரிப்பு நின்றது. இரண்டிலும் அதே பாலம், அதே காகிதச் சுருள், அங்கியின் ஓரத்தில் எலி கடித்த அதே ஓட்டை.

தரகரை வரவழைத்து இரண்டையும் கையில் கொடுத்தார்.

"இதுல எவன்யா எம்.ஏ.?"

தரகர் மென்று விழுங்கிச் சொன்னது இவ்வளவுதான்: பையன் இண்டர்மீடியட் மூன்று தரம் எழுதியது சத்தியம், எம்.ஏ. வரைக்கும் போகிற உத்தேசமும் பலமாக உண்டு.

தையில் அக்கா வாத்தியாரைக் கட்டிக்கொண்டு போனாள். சீர்வரிசையோடு என் போட்டோவும் போயிற்று. பிற்பாடு பி.ஏ.வில் இரண்டு தரம் விழுந்த எனக்கு, நான் அங்கி போட்டதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி.

என் முகக்களைக்கு முன்னால் அந்த மாப்பிள்ளை எடுபடவில்லை, அதனால்தான் அய்யா வேண்டாமென்றார் என்று வெகுநாள் வகுப்பில் சொல்லித் திரிந்தேன். அக்கா எதற்காகத் தன் மிட்டாயையும் கொடுத்தாள் என்று அன்று நான் யோசிக்கவில்லை. வாய் நிறைய மிட்டாய் இருந்தது.